மெதுவா மேடம் தோற்ற தேர்வு

என் நாத்தனாரை எங்கள் பக்கத்தில் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. மெதுவா மேடம் என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் விடுவார்கள். மாமனார் நடத்தும் டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்கும் பயந்தாங்கொள்ளி ஆண்களுக்கும் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள் அவள்தான். எதிரே தண்ணீர் லாரி வந்தாலும் சரி, ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாலும் சரி, அவள் வாயிலிருந்து வருவது ஒரே சொல்தான். "மெதுவா." அதற்குள் அவள் பக்கத்து பிரேக்கை அவள் கால் மிதித்திருக்கும். அவள் கத்தி யாரும் கேட்டதில்லை. கத்துவதற்கு அந்த வீட்டில் நான் இருக்கிறேன்.

இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்க அண்ணி. பாவம், பரிதாபம்னு மட்டும் எழுதிடாதீங்க" என்றாள். அப்படி எழுத அவள் ஒன்றும் பாவம் இல்லை. குளிக்கப் போனால் வெந்நீரைத் தீர்த்துவிட்டுத்தான் வெளியே வருவாள். கல்யாணம் வேண்டாம் என்று சொன்னவள் சொன்னதுதான். மாமனார் எத்தனை தூது விட்டும் பிடி கொடுக்கவில்லை.

வீட்டுக்கு முன்கூடம்தான் ஆபீஸ். அங்கே சேர்க்கையும் போனும் என் வேலை. பின்னால் நாங்கள், மாடியறையில் அவள். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். என் கணவர் சாலை விதிகள் வகுப்பு எடுக்கிறார். வாசலில் மாமனார் மாட்டிய பலகை, 'முதல் முறையிலேயே பாஸ்' என்கிறது. அது சும்மா வாய்ப்பந்தல் இல்லை. தேர்வுக்கு முந்தைய நாள் என் கணவர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு தேர்வு அதிகாரியாகக் காரில் ஏறுவார். ஒத்திகை நடக்கும். மாமனார் வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பாடம் சொல்வார். "கண்ணாடியைக் கண்ணால மட்டும் பார்த்தா போதாதும்மா. தலையைத் திருப்பிப் பாருங்க. நீங்க பார்த்தது அதிகாரிக்குத் தெரியணும். ஓட்டறது அப்புறம் தன்னால வரும்."

நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

அன்று மதியம் சாப்பாட்டின்போது அவள் புதிதாகச் சேர்ந்த ஒரு பல் டாக்டரைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கவைத்தாள். கியர் மாற்றும்போதெல்லாம் அவர் வாயைத் திறந்துகொள்கிறாராம். தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். அடுத்த வகுப்புக்கு ஒரு பேங்க் அம்மா வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காரில் ஏறி, சீட்டை முன்னால் இழுத்து, பெல்ட் போட்டு, இன்ஜினையும் ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜன்னலை இறக்கி, "மேடம் இன்னும் வரலையே" என்றார். தூங்கிவிட்டாள் போலிருக்கிறது, எழுப்பிவிட்டு வருகிறேன் என்று சொல்லி நான்தான் மாடி ஏறினேன்.

உள்ளே நான் பார்த்ததை எழுதப்போவதில்லை. என்ன செய்துகொண்டாள், எப்படிச் செய்துகொண்டாள் என்று என் வாயைக் கிளறியவர்கள் நிறைய பேர். ஒருவருக்கும் சொல்லவில்லை. மூச்சு இருந்தது. அது மட்டும் போதும்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூப்பிடப் பார்த்தேன், குரல் வரவில்லை. தினமும் கத்துகிற எனக்குக் குரல் வரவில்லை. படியில் இறங்கி வந்து கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் மேலே ஓடி, அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். வாசலில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த கார் அந்தப் பயிற்சிக் கார்தான். பேங்க் அம்மா பதறியடித்துப் பின்சீட்டுக்குப் போனார். இறங்கவேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, இறங்குங்கள் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. கணவர் ஓட்டினார். ஆஸ்பத்திரி வரைக்கும் என் நாத்தனாரின் தலை என் மடியில், கால் பேங்க் அம்மா மடியில். பாதத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தார். முன்னும் பின்னும் எல் போர்டு இருந்ததால் மற்ற வண்டிகள் எரிச்சலோடு ஹாரன் அடித்து எங்களைத் தாண்டிப் போயின.

அவசரப் பிரிவில் அவளைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். மாமனார் ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே வந்துவிட்டார். டாக்டரைப் பார்த்ததும், "மாடிப்படியில கால் தவறி" என்று ஆரம்பித்தார்.

டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, என்ன நடந்ததுன்னு எங்களுக்குத் தெரியும். உங்களைக் குத்தம் சொல்ல இங்க யாரும் இல்லை. உக்காருங்க."

மாமனார் உட்கார்ந்தார். அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. மதியம் சிரித்தவள் ஏன் இப்படிச் செய்தாள் என்று என் கணவர் என்னைக் கேட்டார், நான் அவரைக் கேட்டேன். பேங்க் அம்மா எங்களுக்குத் தண்ணீர் வாங்கிவந்து கொடுத்துவிட்டு, தன் செருப்பு எங்கள் வாசலிலேயே கிடக்கிறது என்பதை அப்போதுதான் கவனித்தார்.

பிழைத்துவிட்டாள். வார்டுக்கு மாற்றினார்கள். டிரிப்ஸ் ஏறியது, அடிக்கடி ரத்தம் எடுத்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நர்ஸ் நாற்காலி போட்டு உட்கார்ந்தே இருந்தார். அவர் போனால் இன்னொருவர் வருவார், நாற்காலி காலியாக இருந்து நான் பார்க்கவில்லை. கழிவறைக்குப் போனாலும் கூடவே போய்க் கதவருகில் நிற்பார்கள். காவலா இது என்று என் கணவருக்குக் கோபம். எனக்கு அந்த நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிடத் தோன்றியது.

அவள் நன்றாகக் கண் விழித்த அன்று, தலை நரைத்த ஒரு நர்ஸ் அவள் தலையணையைச் சரிசெய்துகொண்டே கேட்டார்.

"சாகணும்னு நினைச்சுத்தான் செஞ்சீங்களாம்மா?"

எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தாள். நர்ஸ், "சரி. சொன்னீங்களே, நல்லது" என்று அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டார்.

என் கணவர் அவரை வராந்தாவில் மடக்கினார். "என்ன சிஸ்டர், இப்படிப் பச்சையாவா கேக்கறது?"

"வேற எப்படிக் கேக்கறதுன்னு நீங்க சொல்லுங்க, அப்படியே கேக்கறேன்" என்றார் அவர்.

அப்புறம்தான் வினை வந்தது. உடம்பு தேறிவிட்டது, நாளைக்கு மனநல டாக்டர் வந்து பேசுவார், அவர் சரி என்று சொன்னால்தான் வீட்டுக்கு விடுவோம் என்றார் வார்டு டாக்டர். வேறு குடும்பமாக இருந்தால் இதற்கு அழுதிருப்பார்கள், அல்லது சாமி கும்பிட்டிருப்பார்கள். எங்கள் வீட்டு ஆண்கள் இரண்டு பேருக்கும் முகம் தெளிந்துவிட்டது. இத்தனை நாளாக என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தவர்களுக்குத் தெரிந்த வேலை ஒன்று கிடைத்துவிட்டது. நாளைக்குத் தேர்வு.

மாலை நான் மாற்றுத்துணியும் பிளாஸ்க்கும் எடுத்துக்கொண்டு போனபோது வார்டில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. என் கணவர் கட்டிலுக்கு எதிரே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முகத்தைக் கடுகடுவென்று வைத்திருந்தார். மாமனார் கால்மாட்டில் நின்றிருந்தார். நர்ஸ் நாற்காலியை அன்று கதவுப்பக்கம் நகர்த்திப் போட்டிருந்தார்கள். அவர் காதில் விழாதபடி குசுகுசுவென்று பேசுவதாக இவர்களுக்கு நினைப்பு.

"தூக்கம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு டாக்டர்."

"ரொம்ப சீக்கிரம் சொல்லிட்ட. ஒரு நிமிஷம் யோசிச்சு, முன்னவிட இப்ப பரவாயில்லைன்னு சொல்லு. அதான் நம்பற மாதிரி இருக்கும்."

"இனிமே இப்படிச் செய்வீங்களா?" இது மாமனார்.

"மாட்டேன் டாக்டர். முட்டாள்தனம் பண்ணிட்டேன்."

"சபாஷ் பாப்பா. அத சொல்றப்ப என்னைப் பாரு. நீ பார்க்கறது டாக்டருக்குத் தெரியணும்."

அவள் தலையணையில் சாய்ந்தபடி கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். கை மணிக்கட்டில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. இது கூடாது என்று மனதில் தோன்றியதே தவிர, ஏன் கூடாது என்று அந்த நேரத்தில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர்கள் மேல் கோபப்படவும் முடியவில்லை. அவளை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று இரண்டு பேரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நம்பினார்கள்.

மறுநாள் வந்த மனநல டாக்டர் சின்ன வயசுப் பெண். எங்களை வெளியே இருக்கச் சொன்னார். "இருக்கட்டும் டாக்டர், எங்க வீட்டு ஆளுங்கதானே" என்றாள் என் நாத்தனார். டாக்டர் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, சரி என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவள் பிரமாதமாகச் செய்தாள். சொல்லிக்கொடுத்ததைவிடவும் நன்றாக. தூக்கத்தைப் பற்றிக் கேட்டதற்கு ஒரு நிமிஷம் யோசித்தாள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டதற்குச் சின்னதாகச் சிரித்தாள். இனிமேல் எப்படி என்று டாக்டர் கேட்டபோது, தலையை மெல்லத் திருப்பி மாமனாரைப் பார்த்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவுக்காகவாவது இருக்கணும் டாக்டர்" என்றாள். மாமனாரின் கண் கலங்கிவிட்டது.

அவள் தலை திரும்பியதைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. கண்ணாடியைப் பார்க்கிற திருப்பல் அது. தான் பார்ப்பது அதிகாரிக்குத் தெரியவேண்டும் என்று திருப்புகிற திருப்பல். அவள் அப்பாவைப் பார்க்கவே இல்லை. இவள் வீட்டுக்கு வந்தால் நாம் இவளைப் பறிகொடுத்துவிடுவோம் என்பது அந்த நொடியில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

"இதெல்லாம் நாங்க சொல்லிக்கொடுத்தது டாக்டர்" என்றேன். "நேத்து ஒத்திகை பார்த்தோம். இவ பாஸ் ஆகறதுக்காகப் பேசறா."

என் கணவர் என் கையைப் பிடித்துக் கிள்ளினார். மாமனார் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்னவோ செய்கிறது. நான் பெற்ற பெண்ணைக் காட்டிக்கொடுத்துவிட்டாயே என்கிற பார்வை.

டாக்டர் கொஞ்சமும் அசரவில்லை. "தெரியும். சிஸ்டர் நேத்தே சொல்லிட்டாங்க. நீங்க குசுகுசுன்னு பேசினது வராந்தா வரைக்கும் கேட்டுதாம்" என்றார். அப்புறம் என் நாத்தனார் பக்கம் திரும்பினார். "அவங்க சொல்றது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க."



"பாப்பா, நல்லா இருக்கேன்னு சொல்லும்மா" என்றார் மாமனார். அவர் குரல் கெஞ்சியது. "சொல்லிட்டா வீட்டுக்குப் போயிடலாம்."

அவள் அவர் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள். "அப்பா, எனக்கு பாஸ் ஆக வேண்டாம்" என்றாள். "வீட்டுக்குப் போனா மறுபடியும் செய்வேன்."

சத்தமில்லாமல், வகுப்பில் பேசுகிற அதே குரலில் சொன்னாள். மாமனார் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் எங்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். வெகுநேரம் கழித்து அவள் அழுகிற சத்தம் கேட்டது. அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அழுது நான் கேட்டது அன்றுதான்.

அதற்குப் பிறகு அவள் மனநலப் பிரிவில் சில வாரம் இருந்தாள். மாத்திரை கொடுத்தார்கள். அது வேலைசெய்ய நாளாகும், அதுவரை பொறுமை வேண்டும் என்றார்கள். மாதக்கணக்காக அவள் சரியாகத் தூங்கவே இல்லை என்பது அங்கேதான் எங்களுக்குத் தெரியவந்தது. ஒரே கூரையின் கீழ் இருந்தோம், தினமும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். எங்களுக்குத் தெரியாது.

பார்க்க வந்த சொந்தங்களுக்கெல்லாம் காரணம் வேண்டியிருந்தது. காதலா, வியாதியா, உன்னோடு சண்டையா என்று என்னையே கேட்டாள் ஒரு சித்தி. நாத்தனாரும் அண்ணியும் என்றால் சண்டை என்றுதான் ஊர் நினைக்கும். அவளுக்கு நான் கொடுத்த பதிலை அச்சில் ஏற்ற முடியாது. ஆனால் எனக்குள்ளும் அந்தக் கேள்வி குடைந்துகொண்டுதான் இருந்தது. ஒருநாள் நாத்தனாரிடமே கேட்டுவிட்டேன்.

"காரணம் தெரிஞ்சா சொல்லமாட்டேனா அண்ணி? காலையில கண்ணு முழிச்சா, ஏண்டா முழிச்சோம்னு இருக்கும். ஏன் அப்படி இருக்குன்னு தேடித் தேடியே களைச்சுப் போயிட்டேன். இது ஒரு நோவாம். சரி பண்ணலாமாம். டாக்டர் சொல்றாங்க. எனக்கு இன்னும் நம்பிக்கை வரலை, ஆனா மாத்திரையைப் போடறேன்."

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் மனநல ஆலோசகர் ஒருவர் எங்கள் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்தார். ஒல்லியான மனிதர். மாடியறையைக் காலி செய்து அவளைக் கீழே எங்கள் அறைக்குப் பக்கத்தில் வைக்கவேண்டும், மாத்திரை என் பொறுப்பில் இருக்கவேண்டும், ஆபத்தானது எதுவும் அவள் கைக்கு எட்டும் இடத்தில் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த நினைப்பு வந்தால் யாரிடம் சொல்வாய் என்று அவளைக் கேட்டார். என்னைச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். இல்லை.

"அப்பாகிட்ட" என்றாள்.

மாமனார் திடுக்கிட்டுப் போனார். "என்கிட்டயா? என்னைப் போயி ஏம்மா?"

"அண்ணி அழுதுடுவாங்க. அண்ணன் ஏதாவது யோசனை சொல்ல ஆரம்பிச்சுடுவான். நான் சொல்லலைன்னா அதிகமா ஏமாந்து போறது நீங்கதான்ப்பா. உங்ககிட்டதான் நான் நல்லா நடிப்பேன். அதனால உங்ககிட்டதான் சொல்லணும்."

மாமனார் ஆலோசகரிடம், "எப்படிக் கேக்கணும்னு ஒரு வசனம் எழுதிக் குடுங்க சார், மனப்பாடம் பண்ணிக்கிறேன்" என்றார்.

"எழுதித் தரமாட்டேன்" என்றார் அவர். "உங்க வாயில வர்றபடி கேளுங்க. நேராக் கேளுங்க. கேட்டா அந்த நினைப்பு புதுசா வந்துடும்னு பயப்படாதீங்க. அது ஏற்கெனவே அங்க இருக்கு, நீங்க கேக்கலைன்னா அவங்க தனியா இருப்பாங்க, அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் மாமனார் அவள் எதிரே உட்கார்ந்து, பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு கேட்டார். "அந்த... அது... இன்னிக்கு இருக்கா?" காய்ச்சல் விசாரிப்பவர் மாதிரி. அவள் இல்லை என்றாள். அடுத்தடுத்த நாட்களில் பேப்பர் இறங்கியது. பிறகு பேப்பரே இல்லாமல், "சாகணும்னு தோணுதா பாப்பா?" என்று அவள் முகத்தைப் பார்த்துக் கேட்கப் பழகிக்கொண்டார். முதல் தடவை அந்த வார்த்தையைச் சொன்ன அன்று பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுத்தார். எனக்கு அவர் மேல் இருந்த மனத்தாங்கல் அன்றோடு போயிற்று.

மெல்ல அவள் வகுப்புக்குத் திரும்பினாள். முதலில் காலை வகுப்பு மட்டும். பேங்க் அம்மாதான் முதல் ஆளாக வந்து, விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கலாமா மேடம் என்று கேட்டார். மாத்திரை அவளுக்கு ஒத்துக்கொண்டது, கொஞ்சம் சதை போட்டாள். வெந்நீரை மறுபடி தீர்க்க ஆரம்பித்தாள். நான் கத்தினேன். எங்களுக்கு மூச்சு வந்தது.

ஒருநாள் காலை ஆபீஸில் நல்ல கூட்டம். கல்லூரி மாணவர்கள் சேர வந்திருந்தார்கள். மாமனார் அவர்களுக்குப் பாடம் நடத்துகிற மிதப்பில், எங்கள் ஸ்கூலில் படித்துத் தோற்றவர்களே இல்லை என்று அளந்துகொண்டிருந்தார். அவள் உள்ளேயிருந்து வந்தாள். காரின் சாவி கையில் இருந்தது. அதை மேசைமேல் வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்பா, இன்னிக்கு இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். என் நாற்காலியில் உட்கார்ந்து ரசீது எழுதிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தேன். மாமனார் பேச்சை அப்படியே நிறுத்தினார். என்ன சொன்னாள் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் எழுந்துவிட்டார்.

"நிறையவா?"

"நிறைய."

"என்ன செய்யறதுன்னு யோசிச்சு வச்சிருக்கியா?"

"ஆமாப்பா."

"சரி" என்றார். "எனக்குப் பயமா இருக்கு பாப்பா."

"எனக்கும்."

"வா, போலாம்" என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். மாணவர்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. என் கணவர் வண்டியை எடுத்தார். அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அன்றே அவளைச் சேர்த்துக்கொண்டார்கள், மாத்திரையை மாற்றினார்கள். சில நாளில் திரும்பி வந்தாள். இன்றைக்கும் அவள் காலை வகுப்பு எடுக்கிறாள்.

நான்தான் வெகுநேரம் ஆபீஸ் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. அன்று காலை அவள் என்னோடு அடுப்படியில் நின்று டீ குடித்தாள். பல் டாக்டருக்கு லைசென்ஸ் வந்துவிட்டது என்றாள், அவர் வாயைத் திறப்பதை நடித்துக் காட்டினாள், நாங்கள் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவள் கண்ணைப் பார்த்துத்தான் சிரித்தேன். அதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளாக வந்து சொன்னதால்தான் தெரிந்தது.